சர்ஜ் எக்ஸ்டி: ஒரு நோட்டுக்கு பேஸ் இடிக்கிறது, அடுத்ததற்கு ஆளையே காணோம். உதவி வேண்டும்

ஜெலுத்தோங் கீஸ்
உறுமி மேளம் ரெக்கார்டிங்குக்கு அடியில் போட, சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் மென்பொருளில் ஒரு பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) செய்துகொண்டிருக்கிறேன். மூன்று ஆசிலேட்டரும் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி) ஒரே ஆக்டேவ். முதல் இரண்டும் சா (ரம்பப் பல் வடிவ அலை), அதில் இரண்டாவதை மட்டும் 10 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேலே தள்ளியிருக்கிறேன், மூன்றாவது ஸ்கொயர் (சதுர அலை). மிக்சரில் மூன்றுமே 0 டிபி. வேகம் 120, எல்லாம் கால் நோட்டு, ஒரே சுருதி, ஒரே வெலாசிட்டி (கட்டையை அடிக்கும் வேகம்). அப்படியும் ஒரு அடி நெஞ்சில் விழுகிறது, அடுத்தது சோகையாக வருகிறது. மீட்டர் வேறு அவ்வப்போது சிவப்பைத் தொடுகிறது. மாட் வீலை (கீபோர்டில் விரலால் தள்ளும் சக்கரம்) மூன்று ஆசிலேட்டரின் லெவலுக்கும் கட்டியிருக்கிறேன், அதைத் தள்ளினால் கரகரப்பு மட்டும் கூடாமல் மொத்தமும் ஏறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

செந்தூல்வாசி
கம்ப்ரெஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கருவி) போடு லா, முடிந்தது கதை.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா
கம்ப்ரெஸர் வேண்டாம் தம்பி. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போன அடிச்சத்தத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? மிச்சமிருக்கும் மேல்சத்தத்தைத்தான் தூக்கிக் கொடுக்கும்.

நீங்கள் வாசிப்பது 55 ஹெர்ட்ஸ் ஏ என்று வைத்துக்கொள்வோம். 10 சென்ட் வித்தியாசத்தில் இரண்டு சாவும் ஒரு தடவை சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர ஏறத்தாழ 3 விநாடி பிடிக்கும். 120-இல் கால் நோட்டு அரை விநாடிதான். அதாவது, நோட்டு தொடங்கும்போது இரண்டு அலைகளும் சேர்ந்திருந்தால் கடைசிவரை கனம், எதிரெதிராக இருந்தால் கடைசிவரை சோகை. ரீட்ரிகர் (ஒவ்வொரு நோட்டிலும் அலையை ஒரே இடத்திலிருந்து தொடங்கவைக்கும் பொத்தான்) அணைந்திருந்தால் தொடக்க ஃபேஸ் (அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) ஒவ்வொரு நோட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கொயருக்கும் அதே நிலைதான். இதே 10 சென்ட் 440 ஹெர்ட்ஸில் விநாடிக்கு இரண்டரை தடவை சுற்றும், அதனால்தான் மேலே வாசிக்கும்போது இனிமையான அசைவாகக் கேட்கிறது, யாரும் குறை சொல்வதில்லை.

முதலில் மூன்றிலும் ரீட்ரிகரைப் போட்டு, ஆசிலேட்டர் டிரிஃப்ட் (சுருதியைத் தானாக லேசாக அலையவிடும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டுகள் ஒன்றுபோல ஆகிவிடும், ஆனால் நீளமாகப் பிடித்தால் ஒன்றரை விநாடி வாக்கில் அடிச்சத்தம் கரையும். அதனால் என் கருத்து, அடிச்சத்தத்தை ஒரே ஆசிலேட்டர் கையில் மட்டும் கொடுப்பது. மூன்றாவதை ஸ்கொயரிலிருந்து சைனுக்கு (மேல்சத்தம் இல்லாத வழுவழுப்பான அலை) மாற்றி, மிக்சரில் அதை ஃபில்டர் 1-க்கும், இரண்டு சாவையும் ஃபில்டர் 2-க்கும் அனுப்புங்கள். ஃபில்டர் 1 அணைந்திருக்கட்டும். ஃபில்டர் 2-இல் 24 டிபி ஹைபாஸ் (கீழ்ச்சத்தத்தை வெட்டி மேல்சத்தத்தை மட்டும் விடுவது), 120 ஹெர்ட்ஸ் பக்கம்.

மீட்டர் சிவப்பாவது வேறு விஷயம். ஒரே மாதிரி இரண்டு அலைகள் ஃபேஸ் ஒத்துச் சேர்ந்தால் 6 டிபி ஏறும், மூன்று என்றால் 9.5. எல்லா லெவலையும் தாராளமாக இறக்குங்கள், சத்தம் வேண்டுமானால் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம். மாட் வீலை சைனிலிருந்து கழற்றிவிட்டு இரண்டு சாவுக்கு மட்டும் வையுங்கள்.

ஜெலுத்தோங் கீஸ்
ஃபில்டர் மாற்றுவதற்கு முன்னால் சைனைத் தனியாக சோலோ போட்டுக் கேட்டேன், அருமை. ஆனால் இப்போது எல்லாமாகச் சேர்ந்து வாசிக்கும்போது சைன் காணவில்லையே அக்கா? லெவலை ஏற்றினாலும் லேசாக ஏதோ முனகுகிறது, அவ்வளவுதான்.

பாகான் டாலாம்
ஃபில்டர் அமைப்பு சீரியலில் இருக்கும் தம்பி. அதில் ஃபில்டர் 1-இலிருந்து வருவது நேராக ஃபில்டர் 2-க்குள் போகும், உங்கள் ஹைபாஸ் சைனையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. டூயலுக்கு மாற்றுங்கள், இரண்டும் தனித்தனியாக ஓடும். உறுமி வேறு கீழே இடம் கேட்கும் வாத்தியம், சைன் லெவலை ஹெட்ஃபோனில் முடிவு செய்யாதீர்கள்.

ஜெலுத்தோங் கீஸ்
டூயல் போட்டதும் வந்துவிட்டது! வீலும் இப்போது சொன்ன பேச்சு கேட்கிறது. ஒன்றே ஒன்று, கீழ்க் கட்டைகளில் சா சோம்பேறித்தனமாகச் சுழல்கிறது, மேலே போனால் படபடக்கிறது. எல்லாக் கட்டையிலும் ஒரே வேகம் கிடைக்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா
கிடைக்கும். இரண்டாவது சாவை மூடிவிட்டு, முதலாவதிலேயே யூனிசன் குரலை (ஒரே ஆசிலேட்டரின் பிரதிகள்) இரண்டாக்குங்கள். யூனிசன் டீடியூன் (பிரதிகளுக்கிடையே சுருதி வித்தியாசம்) ஸ்லைடரில் ரைட் கிளிக் செய்தால் அப்சலூட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் வித்தியாசம் சென்ட்டுக்குப் பதில் ஹெர்ட்ஸ் கணக்கில் நிற்கும். ஒரு ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கிப் பாருங்கள். அளவு அதிகமானால் கீழ்க் கட்டைகளில் சுருதி பிசகினது போலக் கேட்கும்.