புது வெர்ஷன் தேடி லினக்ஸ் மாற்றியபோது உங்களுக்கு என்ன நடந்தது?

கருந்திரை:
டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையில் இருந்தேன். 2025 மார்ச்சில் படம் திருத்தும் ஆப்பான ஜிம்ப் 3.0 வந்துவிட்டது, டெபியனின் ஆப் கிடங்கான ரெப்போவில் இன்னும் 2.10. கூட வேலை செய்கிறவர் புது வெர்ஷனில் சேமித்து அனுப்பிய கல்யாணப் பத்திரிகை என்னிடம் திறக்கவில்லை. ஒரே ஒரு இனிஷியலைத் திருத்தினால் போதும், காலையில் அச்சுக்குப் போகணும். அவசரத்தில் ரெப்போ முகவரிகள் இருக்கும் சோர்சஸ் லிஸ்டில், டெபியனின் நிலையற்ற கிளையான சிட்டின் வரியைச் சேர்த்து இன்ஸ்டால் கொடுத்தேன். நீக்கப்படுபவை என்று ஒரு நீளப் பட்டியல் ஓடியது. அதில் என் டெஸ்க்டாப்பின் பெயரே இருந்தது. பார்த்தேன். பார்த்தும் ஒய்யை அழுத்தினேன். ரீபூட் செய்தால் கருப்புத் திரை, லாகின் வரி மட்டும்.

பழைய லேப்டாப்:
எனக்கு ஆர்ச் லினக்ஸில். நாலு மாதம் தொடாத மெஷின், கரண்ட் இல்லை, பேட்டரி 20 சதவீதம். முழு அப்டேட் வேண்டாம் என்று பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரு பேக்கேஜை ஏற்றினேன். அது கூடவே பல ஆப்கள் பகிர்ந்துகொள்ளும் ஐசியு லைப்ரரியின் புது வெர்ஷனை இழுத்து வந்தது. அடுத்து, ஆர்ச்சில் ஆப்களை ஏற்றும் கருவியான பேக்மேனைக் கூப்பிட்டால், பழைய ஐசியு ஃபைலைக் காணோம் என்று பேக்மேனே நின்றுவிட்டது. எதை வைத்துச் சரிசெய்வது? யுஎஸ்பியில் பூட் செய்து, அங்கிருந்த பேக்மேனால் டிஸ்க் முழுக்க அப்டேட் செய்த பிறகுதான் உயிர் வந்தது.

நிலையான கிளை:
கருந்திரை அண்ணே, ஒரு ஜிம்ப்புக்காக சிட்டைக் கலந்திருக்கவே கூடாது. அங்கிருந்து ஒன்றை எடுத்தால் அது ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் புது வெர்ஷனைக் கேட்கும், அது இன்னொன்றைக் கேட்கும். டெபியன்காரர்களே இதை ஃபிராங்கன்டெபியன் என்று பெயர் வைத்து எச்சரிக்கிறார்கள். என் புது லேப்டாப்பின் வைஃபை டெபியன் 12-இன் மையப் பகுதியான 6.1 கர்னலுக்குத் தெரியவில்லை. போனை யுஎஸ்பியில் மாட்டி நெட் வாங்கி, நிலையான டெபியனுக்கென்றே புது வெர்ஷன்களைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து கர்னல் போட்டேன், வந்துவிட்டது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்: ஆப் மட்டும் புதிதாக வேண்டுமா, சிஸ்டத்தின் லைப்ரரிகளைத் தொடாமல் தனியாக ஏறும் ஃபிளாட்பேக். கர்னல் வேண்டுமா, பேக்போர்ட்ஸ். எல்லாமே புதிது வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு வெர்ஷன் விடும் ஃபெடோரா, இல்லையென்றால் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஓப்பன்சூசே டம்பிள்வீட். டம்பிள்வீடில் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட் உண்டு, அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவிலேயே முந்தைய நிலைக்குப் போகலாம். அப்புறம் உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோமைத் தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள், அடிக்கடி டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றுகிறவர்களுக்கு அது அவசியம்.

கருந்திரை:
தம்பி, ஃபிளாட்பேக் தெரியாமல் இல்லை. ஆப் ஓடத் தேவையான ரன்டைமோடு சேர்த்துப் பல நூறு எம்பி காட்டியது, போனில் அன்றைக்கு அவ்வளவு டேட்டா மிச்சமில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 9-இல் டெபியன் 13 வந்தது, ஜிம்ப் 3 ரெப்போவிலேயே இருக்கிறது. அதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. அவர் முன்பே எடுத்து வைத்திருந்த பிடிஎஃப்தான் அச்சுக்குப் போனது, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் அந்தத் தப்பு இனிஷியலோடு.