டைல் கோஸ்டரில் சூடான கப் ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

வண்ணத்துணுக்கு:
பண்டிகைக்கு எல்லோருக்கும் இந்த முறை கையால் செய்த கோஸ்டர்தான் (கப்புக்கு அடியில் வைக்கும் தட்டு) என்று முடிவு செய்து, நாலு அங்குல வெள்ளை செராமிக் டைல் 24 வாங்கினேன். நாலு நாலாக ரிப்பன் கட்டினால் ஆறு செட். பூப்போட்ட பேப்பர் நாப்கினை டிகூபாஜ் பசையால் (காகிதப் படங்களை ஒட்டி அலங்கரிக்கும் பசை) ஒட்டி, மேலேயும் அதே பசையை மூன்று கோட் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு நாள் காயவிட்டு, கொடுப்பதற்கு முன்னால் நாமே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று சூடான டீ கப்பை வைத்தேன். கப்பை எடுத்தால் டைலும் கூடவே மேலே வந்து, பாதியில் கழன்று மேஜையில் விழுந்தது. கப்பின் அடியில் ஒரு ரோஜா இதழ் அப்படியே ஒட்டியிருக்கிறது, டைலில் அந்த இடம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அக்காவுக்காக அவளுக்குப் பிடித்த நிறமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த செட் அது, மனசே ஆறவில்லை. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மேலே ரெசின் (ஊற்றியபின் கண்ணாடி மாதிரி இறுகும் திரவம்) ஊற்றினால் சரியாகுமா? ஒரு செட்டில் குடும்பப் படங்களை இங்க்ஜெட்டில் பிரிண்ட் எடுத்து ஒட்டவும் ஆசை.

பசைவாளி:
அந்தப் பசை தண்ணீரில் கரையும் வகை. கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே முழுதாக இறுகக் கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகும், அதற்கு முன் சூடு பட்டால் இளகிப் பிசுபிசுக்கும். இறுகின பிறகும் அதையே மேல் பூச்சாக விடுவது சரியில்லை. பசை ஒட்டுவதற்கு மட்டும்தான், அதன் மேல் பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தே ஆக வேண்டும். மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது, ஓரங்களை மறக்கவே கூடாது, ஏனென்றால் தண்ணீர் உள்ளே நுழைவது ஓரம் வழியாகத்தான். நாப்கினில் இரண்டு மூன்று அடுக்கு இருக்குமே, படம் உள்ள மேல் அடுக்கை மட்டும் உரித்து ஒட்டினீர்களா? அடுக்கைப் பிரிக்காமல் ஒட்டினால் நடுவில் பசை இறங்காது, உங்கள் ரோஜா இதழ் அவ்வளவு சுலபமாக உரிந்து வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இங்க்ஜெட் வேண்டாம், ஈரப் பசை பட்டதும் மை கலைந்து முகமெல்லாம் ஊதா நிறமாகிவிடும். லேசர் பிரிண்ட் எடுங்கள்.

கெட்டுப்போன நாலு டைலையும் தூக்கிப் போடாதீர்கள். வெந்நீரில் ஊறவைத்தால் பசை இளகிவிடும், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம்.

தெளிந்தநீர்:
ரெசின் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டுமென்றால் அதை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் சூட்டுக்கு அது தீர்வாகாது. கைவினைக்கு விற்கிற சாதாரண எப்பாக்ஸி ரெசின் பல 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும், அப்போதுதான் ஊற்றிய டீ அதைவிடச் சூடு, வட்டமாகத் தழும்பு விழுந்துவிடும். ரெசின்தான் என்றால் சூடு தாங்கும் வகை என்று பாட்டிலில் போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். பாட்டிலில் சொன்ன விகிதத்தை அளந்தே ஊற்ற வேண்டும், கண் திட்டம் போட்டால் ஒருநாளும் இறுகாது. முதலில் காகிதத்தைப் பசையால் முழுக்க மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ரெசினை உறிஞ்சி எண்ணெய் பட்ட மாதிரித் திட்டுத் திட்டாகக் கறுக்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் அந்த வேலையையே விட வேண்டியதுதான்.

நூல்கண்டு:
டைலே வேண்டும் என்று இல்லையென்றால் ஒரு செட்டைப் பருத்தி நூலில் க்ரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டுப் பாருங்கள். குளிர்ந்த டம்ளர் வியர்த்து வழியும்போது வழவழப்பான டைலில் தண்ணீர் தேங்கி டம்ளரோடு கோஸ்டரும் ஒட்டி எழும், பருத்தி அதை உறிஞ்சிக்கொள்ளும். அக்ரிலிக் நூல் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சாது, அதிகச் சூட்டில் உருகவும் செய்யும். டபுள் க்ரோஷேயில் முதல் சுற்றுக்கு 12 பின்னல், அடுத்தது 24, அதற்கடுத்தது 36. ஒரு சுற்றில் பின்னல் எண்ணிக்கையைக் கூட்ட மறந்தாலும் ஓரம் தூக்கிக் கிண்ணம் மாதிரி ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேஜையில் வைத்துத் தட்டையாக உட்காருகிறதா என்று பாருங்கள். முடித்ததும் நனைத்து, வட்டமாக இழுத்து, ஊசி குத்திக் காயவிட்டால் கடையில் வாங்கியது போல நிற்கும்.

வண்ணத்துணுக்கு:
எல்லோருக்கும் நன்றி. நான் நாப்கினை அடுக்குப் பிரிக்காமல்தான் ஒட்டியிருக்கிறேன், இரண்டாவது அடுக்கு இருப்பதே இப்போது உரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அக்காவின் டைல்களை வெந்நீரில் போட்டேன், அரை மணி நேரத்தில் பசை தோல் போல மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. இந்த வாரமே 24 டைலிலும் ஒட்டி முடித்துவிட்டால் பசை இறுக நாலு வாரம் கிடைக்கும், வார்னிஷுக்குக் கடைசி வாரம். ரெசின் இந்தத் தடவை இல்லை. அடியில் கார்க் ஒட்டப் போகிறேன், அதை வார்னிஷுக்கு முன்பா, பின்பா?

பசைவாளி:
பின்பு. முன்பே ஒட்டினால் ஓரத்தில் வழிகிற வார்னிஷைக் கார்க் குடித்துவிடும். டைலைவிடக் கால் அங்குலம் சின்னதாக வெட்டுங்கள், வெளியே தெரியாது. கடைசி கோட் போட்டு ஒரு வாரமாவது ஆகாமல் ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கி ரிப்பன் கட்டிவிடாதீர்கள், இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள்.