புதுப்பிப்பு: கசந்துபோன ஆரஞ்சு பிட்டர்ஸ்

கிறிஸ்துமஸ் காக்டெயிலுக்காக பிட்டர்ஸ் (சில சொட்டு மட்டும் விடும் கசப்பான வாசனைச் சாறு) செய்ய, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, ஜென்ஷன் வேர் (ரொம்பக் கசக்கும் ஒரு மூலிகை வேர்) எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் வோட்காவில் ஊறப்போட்டு, மூன்று வாரம் கழித்துத் திறந்தால் வேப்பங்கொழுந்தாகக் கசந்தது என்று புலம்பியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியை எடுக்கவே இல்லை. இந்த முறை மேல்தோலை மட்டும் சீவி, 50 சதவீத ஆல்கஹால் உள்ள வோட்காவில் 10 நாள் வைத்தேன். வேர் தனி பாட்டிலில், 2 நாள்தான். கிராம்பு மறுநாளே வெளியே. விட்டுவைத்தால் பல் டாக்டர் அறை வாசம் வருகிறது! அப்புறம் ஆரஞ்சுச் சாற்றில் அல்ல, தோல் ஊறிய வோட்காவில் வேர்ச்சாற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சோடாவில் விட்டு ருசி பார்த்தேன்.

நேற்று 60 மில்லி பர்பன் (அமெரிக்க விஸ்கி), ஒரு ஸ்பூன் சர்க்கரைப் பாகு, பிட்டர்ஸ் சில சொட்டு, பெரிய ஐஸ் கட்டி. இப்படிக் கலந்த ஓல்டு ஃபேஷன்ட் காக்டெயில் பிரமாதம். பழைய பாட்டிலை இன்னும் கொட்டவில்லை, மனசு வரவில்லை.