பிள்ளை பார்க்க ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கலாம்? இன்று ராத்திரிக்குள் பதில் சொல்லணும்

திருச்சிப் பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கனடா வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. அவருக்கு வேலையில் மணி நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், வாடகை கட்டுவதற்கே கையைக் கடிக்கிறது. ஊரில் நான் நர்சரிப் பள்ளி டீச்சர். எங்கள் தெருவில் ஒரு தமிழ் அம்மா, தன் குழந்தையைக் காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவருடைய தோழிகள் இரண்டு பேரும் விடத் தயாராக இருக்கிறார்கள். சாப்பாடும் நான்தான் தரணும். "லைசென்ஸ் உள்ள இடத்திலேயே 22 டாலர்தான், உங்களுக்கு 25 தருகிறோம்" என்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பம். 25 நியாயமா? கூடக் கேட்டால் வேறு இடம் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டிரக் ஓட்டும் அண்ணன்
தங்கச்சி, வருகிற காசை விடாதே. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஏஜென்சி மூலமாகக் கோழி வெட்டும் கம்பெனியில் ராத்திரி வேலை. பஸ் நிறுத்தத்தில் நின்றால் இமையில் பனி ஒட்டும், கையுறை போட்டும் விரல் மரத்துப்போகும். உள்ளே போனால் அங்கேயும் குளிர் அறைதான். வீட்டுக்குள் இருந்துகொண்டே சம்பாதிக்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. முதலில் 25-க்கு எடு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அப்படியே ஜி1 டிரைவிங் தேர்வும் எழுதிவிடு. இந்த நாட்டில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் கால் இல்லாத மாதிரி.

மார்க்கம் அம்மா
அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள். 25-க்கு ஆரம்பித்தால் அதுதான் உங்கள் விலை என்று ஊர் முழுக்கப் பரவிவிடும். அடுத்த வருஷம் 30 கேட்டால்கூட முகம் சுளிப்பார்கள். நான் 50-க்குக் குறைந்து யாரையும் எடுத்ததில்லை. ஒன்றரை வயதுக்குக் கீழே என்றால் 60.

ஸ்கார்பரோ அக்கா
எல்லாரும் விலையைக் கதைக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று ஒருவரும் கேட்கவில்லையே. நான் இந்த வேலை தொடங்கிய காலத்தில் இவர் இரண்டு வேலை செய்தார், நான் தனியாகக் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாசி மாதத்தில் மூன்று பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்றால் பனிக் காற்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிவிடவே அரை மணித்தியாலம் போகும். கடைசிப் பிள்ளைக்கு ஜிப் இழுத்து முடிக்கும்போது முதல் பிள்ளை கழிவறை என்று நிற்கும். அவ்வளவையும் திருப்பிக் கழற்ற வேண்டும். இந்த உழைப்புக்கு 25 என்பது அநியாயம்.

கால்கரிக்காரர்
லைசென்ஸ் இல்லாமலே ஆறு பிள்ளைகள்வரை பார்க்கலாம், சொந்தப் பிள்ளைகள் கணக்கில் வராது. ஆறு பேரை எடுத்தால் 25-கூடக் கட்டுப்படியாகும். என் மனைவி அப்படித்தான் செய்கிறார்.

மார்க்கம் அம்மா
அது ஆல்பர்ட்டா சட்டம், அண்ணா. ஒன்டாரியோவில் ஐந்துதான். அதிலும் இரண்டு வயதுக்குக் கீழே மூன்றுக்கு மேல் கூடாது. நான்கு வயது ஆகாத சொந்தப் பிள்ளையும் எண்ணிக்கையில் சேரும். மீறினால் அபராதம் 250,000 டாலர்வரை போகலாம். தங்கச்சி எந்த மாகாணம் என்றே சொல்லவில்லையே?

ஏஜாக்ஸ் அப்பா
பெற்றோர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு 50 என்றால் மாதம் 2,000 தாண்டுகிறது. என் மனைவியின் சம்பளத்தில் பாதி அதற்கே போனது. 22 டாலர் இடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம், பையன் பள்ளிக்கூடம் சேர்கிறவரைக்கும் கூப்பிடவே இல்லை. ஓர் இடத்தில் வெயிட்டிங் லிஸ்டில் சேர்க்கவே பணம் கேட்டார்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் அப்படி வாங்கக் கூடாது என்று 2016-லேயே தடை வந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்கார்பரோ அக்கா
தம்பி, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் ஆறு மணி என்று சொல்லிவிட்டு ஆறே முக்காலுக்கு வருகிற பெற்றோர், கையில் கடைப் பையோடு வந்து நிற்பார்கள். நம்முடைய ஆள்தானே என்று நினைப்பு. வேறு சமூகத்து ஆட்களிடம் இப்படி நடப்பார்களா? ஒரு குடும்பம் மூன்று வாரக் காசு தராமல் பிள்ளையை நிறுத்திவிட்டது. பிறகு கோயிலில் கண்டால் கண்டும் காணாதது போல் போகிறார்கள்.

டிரக் ஓட்டும் அண்ணன்
நம் ஆட்களிடம் வேலை செய்தால் இதே கதைதான். எனக்கும் ஒரு கம்பெனியில் இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரணும்.

மார்க்கம் அம்மா
சம்பளத்தை விடுங்கள், அரிசி விலையைப் பார்த்தீர்களா? இட்லி அரிசி மூட்டை போன வருஷம் வாங்கிய விலைக்கு இப்போது கிடைப்பதில்லை. பாலும் அப்படித்தான். சாப்பாடு போட்டு 25 வாங்கினால் மிஞ்சுவது என்ன?

கணக்கு எழுதுகிறவள்
பிராம்ப்டனில் இருக்கிறேன். வீட்டில் பிள்ளை பார்க்கிற சில பேருக்கு வருஷா வருஷம் வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இன்று ராத்திரி பதில் வேண்டும், அதனால் விஷயத்துக்கு வருகிறேன். 22 டாலரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பதால் ஒன்டாரியோ என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 22. ஒன்டாரியோவில் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்த லைசென்ஸ் உள்ள இடங்களில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் கையிலிருந்து போகிற தொகை 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு அதிகபட்சம் 22. அது முழு விலை இல்லை. மீதியை அரசாங்கம் அந்த இடத்துக்குக் கொடுக்கிறது. உங்களுக்கு அந்த மீதியை யாரும் தரப்போவதில்லை. 22-க்கு இடம் கிடைத்திருந்தால் அவர்கள் உங்கள் கதவைத் தட்டியிருக்கவும் மாட்டார்கள்.

இப்போது உங்கள் 25. மூன்று பிள்ளைகள், 75 டாலர். சாப்பாடு, பால், பழம், டிஷ்யூ எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு 6 என்று குறைவாகவே வைத்தாலும் 18 போய்விடும், மிச்சம் 57. ஏழரையிலிருந்து ஆறுவரை பத்தரை மணி நேரம். வகுத்தால் மணிக்கு 5 டாலர் 43 சென்ட். ஒன்டாரியோவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபரிலிருந்து 17.60.

அதே மூன்று பிள்ளைகளுக்கு 45 வாங்கினால் சாப்பாட்டுச் செலவு போக மணிக்கு 11 டாலர் சொச்சம். அப்போதும் குறைந்தபட்சச் சம்பளத்தை எட்டவில்லை, பாருங்கள். சுயதொழில் என்பதால் சிபிபி ஓய்வூதியப் பங்கில் முதலாளி பாதி, தொழிலாளி பாதி இரண்டும் உங்கள் தலையில்தான், வருஷ வருமானத்தில் முதல் 3,500 டாலர் போக 11.9 சதவீதம். நல்ல சேதி ஒன்று, 14 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளைப் பகலில் பார்ப்பதற்கு எச்எஸ்டி விற்பனை வரி கிடையாது. என் கணக்கில் 45-க்குக் கீழே போனால் உங்கள் வீட்டுக் காசைப் போட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையை வளர்க்கிறீர்கள்.

பெற்றோருக்குக் கட்டுப்படி ஆகுமா என்று ஏஜாக்ஸ் அப்பா கேட்டதும் நியாயம்தான். அதற்கு வழி ரசீது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருஷத்துக்கு 8,000 டாலர்வரை பிள்ளை பராமரிப்புச் செலவாக அவர்கள் வரிக் கணக்கில் கழிக்கலாம், பெரும்பாலும் கணவன் மனைவியில் சம்பளம் குறைந்தவர் பெயரில். நடுத்தரச் சம்பளத்துக்கு 1,600 டாலர் அளவில் வரி குறையும். நிகர வருமானம் குறைவதால் குழந்தைகளுக்கான மாதாந்திர அரசு உதவியும் கொஞ்சம் கூடலாம். ரசீது இல்லாமல் 35 கொடுப்பவருக்கும் ரசீதோடு 45 கொடுப்பவருக்கும் கடைசியில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. கையில் ரொக்கமாகக் கொடுங்கள், குறைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சுக்குப் போகாதீர்கள்.

விலைக்கு முன்னால் மூன்று கேள்வி இருக்கிறது, தங்கச்சி. உங்களுக்குச் சொந்தப் பிள்ளை உண்டா, என்ன வயது? வீடு வாடகையா? நீங்கள் நிரந்தரமாகத் தங்க உரிமை உள்ள பிஆரா, தற்காலிக ஒர்க் பெர்மிட்டா?

திருச்சிப் பொண்ணு
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதினேன். ஒன்டாரியோதான். என் பையனுக்கு இரண்டரை வயது. வரப்போகிறவர்களில் ஒருவர் பத்து மாதம், மற்ற இருவரும் மூன்று வயது. பேஸ்மென்ட் வாடகை. அவர் வேலையை வைத்து எனக்கு ஓப்பன் ஒர்க் பெர்மிட்.

கணக்கு எழுதுகிறவள்
எண்ணிக்கை சரி, பையனோடு சேர்த்து நான்கு. இப்போது ஒர்க் பெர்மிட் காகிதத்தை எடுத்து, கீழே நிபந்தனைகள் என்று இருக்கும் பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். பிள்ளைப் பராமரிப்பு, பள்ளி ஆசிரியர், மருத்துவம் சார்ந்த வேலைகளைச் செய்ய அனுமதி இல்லை என்று போட்டிருக்கிறதா?

திருச்சிப் பொண்ணு
போட்டிருக்கிறது அக்கா. ஓப்பன் என்றால் எந்த வேலையும் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். இப்போது என்ன செய்வது?

கணக்கு எழுதுகிறவள்
பயப்பட வேண்டாம், சரிசெய்யக் கூடியதுதான். மருத்துவப் பரிசோதனை செய்யாமல் பெர்மிட் வாங்கியவர்களுக்கு இந்த வரி விழும். குடிவரவுத் துறை அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. அதில் ஒருவரிடம் பரிசோதனை முடித்து, நிபந்தனையை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்கணும். கட்டணம் உண்டு, நாளும் ஆகும். புது பெர்மிட் கைக்கு வரும்வரை ஒரு பிள்ளையைக்கூட எடுக்காதீர்கள். நாளைக்கு பிஆர் போடும்போது இது ஒரு கேள்வியாக வந்து நிற்கக் கூடாது.

ஸ்கார்பரோ அக்கா
அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் தங்கச்சி. பேப்பர் வேலை இருக்கிறது, முடிந்ததும் உங்கள் பிள்ளைக்குத்தான் முதல் இடம் என்று. நல்ல தாய் என்றால் அதை வைத்து உங்களை மதிப்பாள். இந்த இடைவெளியில் முதலுதவி, சிபிஆர் வகுப்பு முடித்து, போலீஸ் சரிபார்ப்பும் எடுத்து வைத்தால் கேட்கிற விலைக்கு ஆதாரம் இருக்கும்.

மார்க்கம் அம்மா
வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவசரத்துக்கு வெளியேற பேஸ்மென்டில் வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் பிள்ளை பார்க்கப்போவதைச் சொல்லுங்கள், சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகும்போது கைவிரித்துவிடுவார்கள். அப்புறம் ஒன்டாரியோவில் லைசென்ஸ் இல்லாதவர்கள், இந்த இடம் அரசாங்க லைசென்ஸ் பெற்றதில்லை என்று பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்கணும். அது சட்டம்.

கணக்கு எழுதுகிறவள்
ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்று வயதுக்கு 45, பத்து மாதக் குழந்தைக்கு 55. இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பேர்தான் என்பதால் அந்த இடத்துக்கு மதிப்பு அதிகம், வேலையும் அதிகம். ஒவ்வொரு வாரமும் தொடங்கும் முன் பணம் வரணும். பிள்ளை வராத நாளுக்கும் பணம் உண்டு, ஏனென்றால் அந்த இடத்தை நீங்கள் வேறு யாருக்கும் தரவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் என்று மூடினால் வாங்கக் கூடாது. ஒன்டாரியோவின் ஒன்பது பொது விடுமுறைகளில் மூடியிருந்தாலும் பணம் வருமா, வராதா என்பதை இப்போதே எழுதுங்கள். ஆகஸ்ட் முதல் திங்கள் அந்த ஒன்பதில் இல்லை, அதைத் தனியாக எழுதணும். ஆறு மணிக்குப் பிறகு நிமிஷத்துக்கு ஒரு டாலர். டயப்பர் பெற்றோர் தரணும். நிறுத்துவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னால் சொல்லணும், அந்த இரண்டு வாரப் பணத்தை முதலிலேயே வாங்கி வையுங்கள். மூன்று வாரக் காசு போன அக்காவின் நிலை உங்களுக்கு வராது.

திருச்சிப் பொண்ணு
அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். பெர்மிட் விஷயத்தைச் சொன்னேன், 45, 55 என்றும் சொல்லிவிட்டேன். தோழிகளில் ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் தெரு அம்மாவும் பத்து மாதக் குழந்தையின் அம்மாவும் ரசீது தருவீர்களா என்று கேட்டார்கள், தருகிறேன் என்றேன். பெர்மிட் வரும்வரை தெரு அம்மா தன் தாயை வைத்துச் சமாளிப்பாராம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நாளைக் காலை போடுகிறேன். ஒரு சந்தேகம், வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் தந்த என் சின் நம்பர் 9-ல் ஆரம்பிக்கிறது, அதை ரசீதில் போடலாமா?

கணக்கு எழுதுகிறவள்
போடலாம். தற்காலிகமாக வந்தவர்களுக்கு 9-ல்தான் ஆரம்பிக்கும், அதற்குக் காலாவதித் தேதி உண்டு. பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் சின் பதிவிலும் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ரசீதில் உங்கள் பெயர், முகவரி, சின், பிள்ளையின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எவ்வளவு என்று இருந்தால் போதும். ரசீதின் ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும், ஆறு வருஷம் வைத்திருக்கணும்.