குழாய் உறுப்பா, குழற்பேழையா?

நண்பர்களே,

காற்றால் குழல்களை ஒலிக்கவைக்கும் பெரிய இசைக்கருவியான பைப் ஆர்கனுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். "குழாய் உறுப்பு" என்று எழுதுவதை முதலில் விட்டுவிடுவோம். அது கணினி மொழிபெயர்ப்பின் கோளாறு. ஆர்கன் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குக் கருவி என்றுதான் பொருள்.

"குழாய்" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. குழாயில் தண்ணீர் வரும், நாதம் வருவது குழலில். ஆனால் இங்கே முன்வைத்த "குழலணி" என்றதும் கூந்தலில் சூடும் நகைதான் கண்ணுக்கு வருகிறது. "பல்குழல்" பொருத்தமான சொல். ஈழத்து வாசகருக்கோ அது எறிகணையோடு ஒட்டிய பெயர். அந்தச் சத்தத்துக்குப் பதுங்கியவர்களிடம் இசைக்கருவிக்கும் அதே பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை "குழற்பேழை". இந்தக் கருவியின் குழல்கள் ஒரு காற்றுப்பெட்டியின் மேல்தான் நிற்கின்றன. துருத்தி அனுப்பும் காற்று அதற்குள் அடைபட்டுக் காத்திருக்கும். கட்டையை அழுத்தியதும் குழலுக்கு அடியில் ஒரு சிறு கதவு திறக்கும். விரலை எடுக்கும்வரை ஸ்வரம் தேயாமல் நிற்கும். பியானோவில் இது நடக்காது. பிரெஞ்சு இசையமைப்பாளர் செயின்ட் சான்ஸின் மூன்றாம் சிம்பொனியில் (1886) மெதுநடைப் பகுதியைக் கேளுங்கள்; தந்திக் கருவிகளுக்கு அடியில் இதன் ஒலி அவ்வளவு மென்மையாக வந்து உட்காரும். அதனால்தான் "பெருங்குழல்" போல அளவை மட்டும் சொல்லும் பெயர் வேண்டாம் என்கிறேன். ஆர்மோனியத்தோடும் குழப்பம் வராது. அதிலும் துருத்தி உண்டு, பெட்டி உண்டு, குழல் கிடையாது.

அப்புறம், இந்தக் கருவியில் குழல் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் குமிழான "ஸ்டாப்" என்பதற்கு "நிறுத்தி" கூடவே கூடாது. அந்தக் குமிழை வெளியே இழுத்தால்தான் ஒரு வரிசைக் குழல்கள் பாடவே தொடங்கும். உள்ளே தள்ளினால் அடங்கும். "வரிசைக்குமிழ்" என்று வைக்கலாம். குமிழில் 8 என்றிருந்தால் அழுத்திய ஸ்வரமே ஒலிக்கும். 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே, 4 என்றால் ஒரு ஸ்தாயி மேலே. அது அடிக்கணக்கு: திறந்த குழல் வரிசையானால், அதன் மிக நீளமான குழல் ஏறத்தாழ அத்தனை அடி. இதற்குப் புதுச்சொல் எதற்கு? எட்டடி, பதினாறடி என்று தாயும் குட்டியும் பாய்கிற பழமொழியிலேயே இருக்கிறதே! "எட்டடி வரிசை", "பதினாறடி வரிசை" என்றே எழுதுவோம்.

காலால் வாசிக்கும் கட்டைகளுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. "அடிக்கட்டை" என்றால் வெட்டிய மரம் நினைவுக்கு வருகிறது, "மிதிக்கட்டை" என்றால் சைக்கிள். வேறு தோன்றினால் எழுதுங்கள்.