வீட்டுவழிக் கல்விக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க, போடலாமா?

பாலக்கோடு அம்மா
பையனுக்கு எட்டு வயசு, அரசுப் பள்ளியில மூணாவது படிக்கிறான். பொறந்ததுல இருந்தே மூளை முடக்குவாதம். கால் ரெண்டும் விறைப்பா இருக்கும், வாக்கர் புடிச்சு மெதுவா நடப்பான். பேச்சு கொஞ்சம் குழறும், பழகினவங்களுக்குப் புரியும். புளியங்கொட்டை வெச்சு இருபது வரைக்கும் கூட்டுவான், கழிப்பான். மாற்றுத்திறனாளி சான்றிதழ்ல குறைபாடு 55 சதவீதம்னு இருக்கு, வேற குறை எதுவும் எழுதலை.

போன வாரம் ஹெச்.எம். கூப்பிட்டு, "வீட்டுவழிக் கல்விக்கு மாத்திக்கலாம்மா, டீச்சரே வீடு தேடி வருவாங்க, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்"னு ஒரு பேப்பரை நீட்டினாரு. வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேன்னு வந்துட்டேன். பையன்கிட்ட சொன்னதும் அன்னைக்கு ராத்திரி புத்தகப் பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே தூங்கினான். என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

காரிமங்கலத்தான்
கையெழுத்துப் போடுங்கம்மா. என் பொண்ணுக்கும் இதே பிரச்சினைதான், கூடவே பார்வையும் குறைவு. ரெண்டு வருஷம் பள்ளிக்கு அனுப்பினேன். டாய்லெட்டுக்குப் போக ரெண்டு படி ஏறணும், கதவு உள்பக்கமாத் திறக்கும், வாக்கரோட உள்ளே போனா கதவைச் சாத்த முடியாது. புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? காலையில இருந்து தண்ணியே குடிக்காது. நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின பிறகுதான் எங்களுக்கே காரணம் புரிஞ்சது. இப்ப வீட்டுவழிக் கல்வியில இருக்கா. வாரத்துல ஒருநாள் சிறப்பாசிரியர் வர்றாங்க, பிசியோ டாக்டரும் வர்றாரு. மடங்கியே இருந்த விரலை இப்ப நீட்டறா. பேரும் பள்ளிப் பதிவேட்டுலயேதான் இருக்கு. வகுப்பு மூலையில சும்மா உக்கார்ந்திருக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை.

ஓசூர் அப்பா
காரிமங்கலம் அண்ணா, உங்க பொண்ணுக்கு அது சரி. ரெண்டு குறை சேர்ந்திருக்கு. இந்தத் தங்கச்சி பையன் கதை வேற. கட்டாயக் கல்விச் சட்டத்துல 2012ல ஒரு திருத்தம் வந்தது. பல்வகைக் குறைபாடோ, 80 சதவீதமோ அதுக்கு மேலயோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைங்க வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம்னு அதுல இருக்கு. "தேர்ந்தெடுக்கலாம்"கிற வார்த்தையைப் பாருங்க. உரிமை பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும். பள்ளிக்கூடம் தள்ளி விடறதுக்கான வழி இல்ல அது. 55 சதவீதம், அதுவும் ஒரே குறைன்னா அந்தக் கணக்குலயே பையன் வரமாட்டான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31வது பிரிவு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கிற 6 முதல் 18 வயசுப் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலயோ, விரும்பினா சிறப்புப் பள்ளியிலயோ இலவசமாப் படிக்க உரிமை இருக்குன்னு சொல்லுது. தங்கச்சி, கையெழுத்துப் போடாதே.

காரிமங்கலத்தான்
தம்பி, சட்டம் எனக்கும் தெரியும். சட்டம் வந்து புள்ளையைத் தூக்கி டாய்லெட்டுல உக்கார வைக்குமா? பாலக்கோடு அம்மா தினமும் மதியம் போய் நின்னாத்தான் நடக்கும். அவங்க கூலி வேலையை விட்டுட்டுப் போகணும். அதுக்கும் பதில் சொல்லுங்க.

வள மைய டீச்சர்
நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு வட்டார வள மையத்துல (ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவுற கல்வித்துறை அலுவலகம்) சிறப்புப் பயிற்றுநர், மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவ. அண்ணா சொல்ற கஷ்டம் நிஜம். எங்க பக்கத்து நிலைமையையும் சொல்றேன். தொகுப்பூதியத்துல இருக்கோம், ஒரு ஆள் பல பள்ளிகளைப் பார்க்கணும். தொடக்கப் பள்ளியில 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல் வகுப்புல 15 பிள்ளைக்கு ஒருத்தர்னு 2021ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. நான் பார்க்கிற பிள்ளைங்க எண்ணிக்கை அதைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசற பிள்ளைங்க வேற. பேச்சுப் பயிற்சி தமிழ்ல குடுத்தா அதுங்க மிரளும். ஒரு குட்டிப் பொண்ணுக்கு "நீள்ளு"ன்னு சொன்னாத்தான் தண்ணின்னு தெரியும். அந்த வார்த்தையை நான் கத்துக்கிட்ட அன்னைக்குத்தான் அவ முதல்முதலா என் முகத்தைப் பார்த்தா.

இருந்தும் என் கருத்து, நடக்கவும் எண்ணவும் தெரிஞ்ச பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான் சொல்லித் தர்றதை விட, பக்கத்துல உக்கார்ற பிள்ளைங்ககிட்ட அவன் கத்துக்கிறது அதிகம். அம்மா, பையனுக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதியிருக்காங்களான்னு முதல்ல கேளுங்க. இந்தப் பருவத்துல என்ன கத்துக்கணும், யார் சொல்லித் தரணும்னு அதுல இருக்கணும். இல்லைன்னா உங்க ஒன்றியத்து வள மையத்துல போய்க் கேளுங்க. அங்கே மருத்துவ முகாம் நடக்கிறப்ப எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. புது வாக்கர், காலிப்பர் (காலைத் தாங்குற பட்டை) தேவைன்னா அங்கேயே எழுதிக் குடுப்பாங்க. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாத்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. ஒரு ஜெராக்ஸ் இல்லாம திரும்பிப் போன அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கேன்.

ஊத்தங்கரை அக்கா
டாய்லெட் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன். எங்க பள்ளியிலயும் சாய்தளம் மட்டும் கட்டிட்டு டாய்லெட்டை விட்டுட்டாங்க. வாயால சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் போச்சு. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல உக்கார்ந்தேன். அந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்கதான் இருக்கணும், நம்ம பேச்சுக்கு அங்கே இடம் இருக்கு. படியை இடிச்சுச் சரிவாக்கணும், கதவை வெளிப்பக்கமாத் திறக்கற மாதிரி மாத்தணும், கைப்பிடிக் கம்பி வேணும்னு தீர்மானமா எழுத வெச்சேன். அது நகரலைன்னதும் தீர்மானத்தோட நகலை எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தேன். ரெண்டு மாசத்துல கதவு மாறிச்சு. கம்பி இன்னும் வரலை, விடாம கேட்டுட்டிருக்கேன்.

ஹெச்.எம்.மை எதிரியா நினைச்சுடாதீங்க. எங்க சார் அப்புறமா எனக்கு ரொம்ப உதவினாரு. ஆனா எதையும் எழுதிக் குடுத்து, நகல்ல முத்திரையும் தேதியும் வாங்கிடணும்.

காரிமங்கலத்தான்
அக்கா, கதவு மாறுறதுக்கு நீங்க மூணு தடவையாவது வேலைக்கு லீவு போட்டிருப்பீங்க. எல்லாராலயும் முடியாது. நான் அதைத்தான் சொல்றேன்.

ஊத்தங்கரை அக்கா
நாலு தடவைங்கண்ணா. முடியாதவங்களுக்காகவும் சேர்த்துத்தான் போனேன்.

பாலக்கோடு அம்மா
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குப் போய்ட்டு வந்தேன். "என் மகன் தினமும் பள்ளிக்கு வந்து படிக்கவே விரும்புகிறோம், வீட்டுவழிக் கல்விக்குச் சம்மதம் இல்லை, தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல் வேண்டும்"னு மூணு வரி எழுதிக் குடுத்தேன். ஹெச்.எம். ரெண்டு தடவை படிச்சாரு. "நான் உங்க கஷ்டத்தைப் பார்த்துதாம்மா சொன்னேன்"னாரு. கோபப்படலை. முத்திரை போட்டுக் குடுத்தாரு. மதியம் அவனை டாய்லெட்டுக்குக் கூட்டிப் போக ஆள் ஏற்பாடு பண்ண முடியுமான்னு குழுவுல பேசறேன்னு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் மாமியார் போறேன்னு சொல்லிட்டாங்க.

காரிமங்கலம் அண்ணா, வாக்கர் காலுக்கு அடியில இருக்கிற ரப்பர் ஒண்ணு தேஞ்சு வழுக்குது. அது தனியாக் கிடைக்குமா?

காரிமங்கலத்தான்
கிடைக்கும்மா. தர்மபுரியில ஆஸ்பத்திரி சாமான் விக்கிற கடையில கேளுங்க. கால் குழாயோட சுத்தளவை நூல்ல அளந்து எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா பெருசாக் குடுத்துடுவாங்க. நாலையும் சேர்த்து மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா வாக்கர் சாயும். அந்த டாய்லெட் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னும் நாளைக்கே பார்த்துடுங்க.