மறுமொழி: ‘நான்-ரெஃபூல்மென்ட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள ஐயா,

‘நான்-ரெஃபூல்மென்ட்’ (non-refoulement) என்ற அகதிகள் சட்டக் கோட்பாட்டுக்குத் தமிழ்ச் சொல்லாகத் தாங்கள் முன்வைத்த ‘அடைக்கலம் மறுக்காமை’ காதுக்கு இனிமையானது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கோட்பாட்டைக் கூறும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, வந்தவருக்குக் குடியிருக்க இடம் கொடு என்று கேட்கவில்லை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அவரைத் திருப்பாதே என்றுதான் சொல்கிறது.

‘நாடு கடத்தாமை’யும் பொருந்தாது. நாடு கடத்த வேண்டுமானால் ஆள் முதலில் நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். 2022இல் இலங்கை நெருக்கடிக்குத் தப்பி வந்தவர்களைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு திட்டில் நிற்கும் ஒருத்தியை அங்கிருந்தே திருப்பினால் அதற்கு என்ன பெயர்? எல்லையில் மறித்துத் திருப்புவதையும் நம் சொல் தாங்க வேண்டும்.

நான் முதலில் எழுதி வைத்தது ‘இடருள் தள்ளாமை’. தள்ளாமை என்றால் நம் மக்களுக்கு முதுமைத் தளர்ச்சிதான்; அடித்துவிட்டேன். ‘அகதி’ என்பதையும் சேர்க்க வேண்டாம். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, ஆள் அகதியா இல்லையா என்று பார்ப்பதில்லை. இங்கே இலங்கைத் தமிழர் தங்கியிருக்கும் மண்டபம் முகாமுக்கே 2021 முதல் ‘மறுவாழ்வு முகாம்’ என்றுதான் பெயர்.

அந்த முகாமில் நான் கேட்ட அச்சம் ஒன்றே: “திருப்பி அனுப்பிவிடுவார்களா?” வேர்ச்சொல்லை அவர்களே தந்துவிட்டார்கள். ஆகவே என் பரிந்துரை: ‘இடர்வாய்த் திருப்பாமை’. ‘வாய்’ இடத்தையும் குறிக்கும், விழுங்கும் வாயையும் நினைவூட்டும். ‘மனுதாரரை இடர்வாய்த் திருப்பக் கூடாது’ என்று மனுவிலும் இயல்பாக அமர்கிறது.

மனுவில் அமர்வது எனக்கு முக்கியம். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம் வழக்கறிஞருக்குப் பிடிமானம், உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. அது ‘குடிமகன்’ என்னாமல் ‘ஆள்’ என்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பை அயலாருக்கும் உறுதி செய்தது. அதே நீதிமன்றம் 2021இல், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா மக்கள் வழக்கில், நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை, குடிமக்களுக்கே உரிய வசிப்புரிமையைச் சார்ந்தது என்றது. உயிர்ப் பாதுகாப்பு எல்லோருக்கும், வசிப்புரிமை குடிமக்களுக்கு மட்டும் என்ற அந்த வேறுபாட்டை இராமநாதபுரம் நீதிமன்ற வாசலில் நிற்கும் ஒரு தாய்க்கு நாம் தமிழில் விளக்க வேண்டாமா?

‘இடர்’ சற்று மென்மையோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. இதைவிட வன்மையான சொல்லை யாரேனும் தந்தால் மாற்றிக்கொள்கிறேன். ‘திருப்பாமை’யை மட்டும் விடமாட்டேன்.